பள்ளி முடித்து வெளியூர் போகும் நம் இளையோர்: வழியனுப்பு விழாவுக்குப் பிறகு பங்கு என்ன செய்ய வேண்டும்?

மறைக்கல்வி_ஒருங்கிணைப்பாளர்

கத்தோலிக்கப் பங்குகளில் (ஒரு கோவிலும் அதைச் சேர்ந்த மக்களும்) மறைக்கல்வியும் இளையோர் பணியும் பார்ப்பவர்களுக்காக இந்த இழை. பள்ளி இறுதியாண்டு வரை பீடத்தில் உதவி செய்து, பாடகர் குழுவில் பாடி, வாசகம் வாசித்த பிள்ளைகள் மேற்படிப்புக்கோ வேலைக்கோ வெளியூர் போனதும் ஞாயிறு பூசைக்கே போவதில்லை என்ற புலம்பல் எல்லாப் பங்குகளிலும் கேட்கிறது. நாம் வழக்கமாகச் செய்வது ஒரு நாள் தியானம், நன்றித் திருப்பலி (பூசை), பரிசாக ஒரு விவிலியம். இது போதவில்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

"காலம் கெட்டுப்போச்சு", "செல்போன்தான் காரணம்" என்ற பதில்கள் வேண்டாம். எப்போது, யார், என்ன செய்வது, எந்த இடத்தில் கோளாறு வருகிறது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

வளாகப்பணி_குரு

வழியனுப்பு விழா நல்லதுதான். ஆனால் அன்றைக்குப் பிள்ளையின் கையில் விவிலியத்தோடு, போகும் ஊரில் இருக்கும் ஓர் ஆளின் பெயரும் எண்ணும் இருக்க வேண்டும். கல்லூரிப் பக்கத்திலிருந்து பார்த்தால், பெரும்பாலான பிள்ளைகள் யோசித்து முடிவெடுத்து விசுவாசத்தை விடுவதில்லை. முதல் ஞாயிறு எந்தக் கோவில் என்று தெரியாது, இரண்டாவது ஞாயிறு துணி துவைக்கிற நாள், மூன்றாவது ஞாயிறு நண்பர்களோடு வெளியே போகிற நாள். அதற்குள் ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் உருவம் வந்துவிடுகிறது. அதை அப்புறம் உடைப்பது கடினம். அதனால் நம் வேலையில் முக்கால்வாசி அவர்கள் வண்டி ஏறுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

இடம் கிடைத்தது உறுதியான அன்றே தொடங்குங்கள். விடுதியோ அறையோ எந்தப் பங்கின் எல்லைக்குள் வருகிறது என்று அந்த மறைமாவட்ட (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பங்குகளின் தொகுதி) இணையதளத்திலோ ஆயர் இல்லத்துக்குத் தொலைபேசி செய்தோ கேளுங்கள். மாணவர் ஆன்ம குரு தனியாக இருக்கிறாரா என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிடலாம். பிறகு பூசை நேரங்கள். இதில் பலர் ஏமாறுகிறார்கள்: வரைபடச் செயலியில் இருக்கும் நேரம் பல கோவில்களுக்குத் தவறாகவே இருக்கும், விடுமுறைக் காலத்தில் மாறியும் இருக்கும். பங்கு அலுவலகத்தில் ஒரு முறை பேசி உறுதி செய்யுங்கள். பிள்ளைக்குப் புரியும் மொழியில் எந்தப் பூசை என்றும் கேளுங்கள்.

கடைசியாக, பிள்ளையின் சம்மதத்தோடு அந்தக் குருவுக்கு ஒரு செய்தி. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு, பிள்ளையையும் சேர்த்து மூன்று பேர் இருக்கும் உரையாடலாக. தனியாக அனுப்பினால் "என்னைப் பற்றி என்ன சொன்னார்களோ" என்ற சந்தேகம் வரும். செய்தி நாலு வரி போதும்:

"அன்புள்ள தந்தையே, எங்கள் பங்கிலிருந்து இவர் உங்கள் பங்கு எல்லையில் உள்ள விடுதிக்கு வருகிறார். இங்கே வாசகம் வாசிப்பார், கிட்டார் வாசிப்பார். முதல் ஞாயிறு மாலைப் பூசைக்கு வருவார். பூசை முடிந்து யாரைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் நல்லது."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். "பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதினால் "சரி" என்று பதில் வரும், அதோடு முடிந்தது. யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் ஒரு பெயர் வரும்.

சட்டத்தொகுப்பு_மாணவர்

ஃபாதர் சொன்னதோடு ஒரு சட்ட விவரத்தையும் சேர்க்கிறேன், ஏனென்றால் இது பிள்ளைகளுக்குச் சொல்லப்படுவதே இல்லை. 1983 திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 102ஆம் எண்படி, மூன்று மாதமாவது தங்கும் எண்ணத்தோடு ஒரு பங்கின் எல்லைக்குள் குடியிருக்க வந்தாலே அங்கே அவருக்குத் தற்காலிக உறைவிடம் உண்டாகிவிடுகிறது. 107ஆம் எண்படி அந்தப் பங்குத்தந்தை அவருக்கும் பங்குத்தந்தைதான். சொந்த ஊர்ப் பங்கில் இருக்கும் உரிமை போய்விடாது. இரண்டு இடத்திலும் அவர் பங்கு மக்களில் ஒருவர். விடுதி மாணவர் அங்கே விருந்தாளி இல்லை. ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்) கேட்கவும், நோயில் குருவை அழைக்கவும், பணிகளில் சேரவும் தயங்க வேண்டியதில்லை.

இன்னொன்று எண் 813. மாணவர்கள்மீது ஆயருக்குத் தனி அக்கறை வேண்டும், இதற்காக ஒரு பங்கையே ஏற்படுத்தலாம், அல்லது நிலையாகச் சில குருக்களை நியமிக்கலாம், கத்தோலிக்கம் அல்லாத பல்கலைக்கழகங்களிலும் மாணவர்களுக்கான மையங்கள் அமைய ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. உங்கள் மறைமாவட்டத்தில் இது நடக்கவில்லை என்றால், பங்குப் பேரவை எழுத்தில் கேட்பதற்கு இந்த எண் போதுமான ஆதாரம்.

முதுகலை_மாணவி

ஃபாதர், முதல் ஞாயிறு சரி. நான்காவது, ஐந்தாவது மாதம்தான் சிக்கல். ஞாயிற்றுக்கிழமை தேர்வு, ஆய்வகம், பகுதிநேர வேலை எல்லாம் வரும். ஒரே ஒரு பூசை நேரத்தை நம்பியிருக்கிறவர் அப்போது விட்டுவிடுவார். சனி மாலை, ஞாயிறு காலை, ஞாயிறு மாலை என மூன்றுக்கும் ஒவ்வொரு கோவிலை முன்கூட்டியே குறித்துவைக்கச் சொல்லுங்கள். நடக்கிற தூரமா, திரும்பி வரக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, விடுதிக் கதவு எப்போது மூடுவார்கள் என்பதும் அந்தக் குறிப்பில் இருக்க வேண்டும். குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு மாலைப் பூசைக்குத் துணை வேண்டும். ஒரே விடுதியில் இன்னும் ஒரு கத்தோலிக்கப் பிள்ளை இருக்கிறாரா என்று கேட்டுவைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சட்டத்தொகுப்பு_மாணவர்

அக்கா சொன்ன சனி மாலை முக்கியம். எண் 1248: ஞாயிறு பூசைக்குப் போகும் கடமையை அன்றைக்கோ முந்தைய நாள் மாலையிலோ, எந்தக் கத்தோலிக்க வழிபாட்டு முறைத் திருப்பலியில் பங்கேற்றும் நிறைவேற்றலாம். இலத்தீன் முறைப் பிள்ளை பக்கத்தில் இருக்கும் கீழைக் கத்தோலிக்க வழிபாட்டு முறைக் (திருத்தந்தையை ஏற்று, வேறு மரபுப்படி வழிபடுபவர்கள்) கோவிலுக்குப் போகலாம், நற்கருணையும் வாங்கலாம். அவர்கள் இங்கே வருவதும் அப்படியே. மொழி தெரியாத பூசையும் பூசைதான். அன்றைய வாசகங்களை முன்பே தன் மொழியில் படித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

உண்மையிலேயே போக முடியாத சூழ்நிலை என்றால் (நாள் முழுக்கத் தேர்வு, காய்ச்சல், பக்கத்தில் கோவிலே இல்லாத பயிற்சி முகாம்) அதில் பாவம் இல்லை. அப்போது தனியாகவோ குழுவாகவோ இறைவார்த்தை வழிபாடோ செபமோ செய்ய அதே எண்ணின் இரண்டாம் பகுதி பரிந்துரைக்கிறது. முன்கூட்டியே தெரிந்தால் பங்குத்தந்தையிடம் விலக்குக் கேட்கலாம், 1245ஆம் எண் அவருக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. இதையெல்லாம் சொன்னால் பிள்ளைகள் சலுகையாக எடுத்துக்கொள்வார்கள் என்று சிலர் பயப்படுகிறார்கள். சொல்லாமல் விடுவதுதான் அதிக ஆபத்து.

துறவுசபைச்_சகோதரி

ஆமாம், அந்த ஆபத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இளையோரோடு பேசும்போது திரும்பத் திரும்பத் தெரிகிற ஒரு சங்கிலி இது. ஒரு ஞாயிறு தவறுகிறது. அடுத்த வாரம் போனால் நற்கருணை வாங்கலாமா என்ற குழப்பம். ஒப்புரவுக்குப் போக வேண்டும், ஆனால் புதுக் கோவிலில் எப்போது, எங்கே, யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. வரிசையில் எல்லாரும் நற்கருணைக்குப் போக, தான் மட்டும் உட்கார்ந்திருக்கக் கூச்சம். அதனால் பூசைக்கே போவதில்லை. இரண்டு மாதம் கழித்து "நான் எல்லாம் போகத் தகுதியில்லாத ஆள்" என்ற எண்ணம் குடியேறிவிடும். இதில் எங்கேயும் அவர் கடவுளை மறுக்கவில்லை பாருங்கள். வழி தெரியாமல் நின்றுபோனார், அவ்வளவுதான்.

இந்தச் சங்கிலியை ஒப்புரவில்தான் அறுக்க முடியும். நம் பிள்ளைகள் பள்ளிக் காலம் முழுக்க வகுப்போடு வரிசையில் நின்றுதான் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறார்கள். ஆசிரியர் கூட்டிக்கொண்டு போவார், குரு தயாராக இருப்பார். தானாக ஒரு குருவைத் தேடிப்போன பழக்கமே கிடையாது. எனவே இறுதியாண்டில் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது பங்குத்தந்தைக்குத் தானே தொலைபேசி செய்து, நேரம் கேட்டு, தனியாகப் போய் ஒப்புரவு பெற்று வரட்டும். இன்னொரு முறை வேறு பங்குக்குப் போய், அறிமுகமில்லாத குருவிடம். கூடவே இரண்டு விஷயம் சொல்லிக்கொடுங்கள். வார்த்தைகள் மறந்துபோனால் "ஃபாதர், ரொம்ப நாளாச்சு, எப்படித் தொடங்குவது என்று மறந்துவிட்டது, உதவி செய்யுங்கள்" என்று சொன்னால் போதும். எந்தக் குருவும் கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லக் கூடாது, அது மீற முடியாத முத்திரை.

நற்கருணைக்குப் போகாத ஞாயிறும் முழுமையான திருப்பலிதான் என்பதையும் வகுப்பில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உட்கார்ந்திருப்பவரைத் திரும்பிப் பார்க்காத பண்பை மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மூன்று_பிள்ளைகளின்_அம்மா

சிஸ்டர், பெற்றோர் பக்கம் ஒரு கேள்வி. ஞாயிறு இரவு போன் செய்தால் "பூசைக்குப் போனியா?" என்பதுதான் முதல் கேள்வி. "போனேன்" என்றுதான் பதில் வரும். உண்மையா என்று தெரியாது. கேட்காமல் விட்டால் நாங்களே கண்டுகொள்ளாததுபோல ஆகிவிடாதா?

துறவுசபைச்_சகோதரி

அம்மா, அந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்ற இரண்டு பதில்தான் உண்டு, அதில் ஒன்று சண்டையில் முடியும். அதனால் பிள்ளை பொய்தான் சொல்லும். கேள்வியை விட்டுவிட்டு, முதலில் உங்களிடமிருந்து ஏதாவது கொடுங்கள். "இன்றைக்கு ஊதாரி மைந்தன் வாசகம். அந்த மூத்த மகனை நினைத்தால் எனக்குப் பாவமாக இருந்தது. உனக்கு என்ன தோன்றியது?" பூசைக்குப் போகாத பிள்ளையும் இதற்குப் பதில் சொல்ல முடியும், பேச்சு தொடரும். "இந்த வாரம் உனக்காக எதை வைத்துச் செபிக்கட்டும்?" என்பது இன்னும் நல்ல கேள்வி. தேர்வு, அறைத்தோழனோடு தகராறு, பணக் கவலை என்று உண்மையான விஷயங்கள் வரும். திரும்ப உங்கள் கவலை ஒன்றையும் சொல்லி, அதற்காகச் செபிக்கச் சொல்லுங்கள். வளர்ந்த பிள்ளையிடம் செப உதவி கேட்பது அவரைப் பெரியவராக மதிப்பது.

செல்பேசியில் இருப்பிடத்தைப் பார்த்துக் கோவிலுக்குப் போனாரா என்று கண்காணிப்பது வேண்டவே வேண்டாம். தெரிந்த அன்றைக்கு எல்லாப் பேச்சும் நின்றுவிடும்.

என்றாவது "நான் போறதில்லம்மா" என்று வாய்விட்டுச் சொன்னால், அதை உங்கள்மீது வைத்த நம்பிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது அழுகை, "உன்னை இதற்கா வளர்த்தேன்", உறவினர்களிடம் சொல்லிப் புத்தி சொல்ல வைப்பது மூன்றும் கூடாது. "எப்போதிலிருந்து? ஏதாவது நடந்ததா?" என்று கேட்டு, பதிலை முழுதாகக் கேளுங்கள். சில நேரம் அங்கே ஒரு காயம் இருக்கும்: கோவிலில் யாரோ பேசிய கடுஞ்சொல், நண்பனின் மரணம், பெரியவர்களின் தவறான நடத்தை. காயத்துக்கு விவாதம் மருந்தில்லை. வீட்டில் உங்கள் செபம், உங்கள் ஞாயிறு வழக்கம்போல நடக்கட்டும். விடுமுறைக்கு வரும்போது அழையுங்கள், இழுக்காதீர்கள்.

இளையோர்_இயக்கப்_பொறுப்பாளர்

எல்லாம் சரி, ஆனால் அடிப்படையில் பிள்ளைக்கு இயேசுவோடு ஓர் அனுபவம் வேண்டும். மூன்று நாள் நல்ல தியானம், ஆராதனை, ஒப்புரவு கொடுத்தால் அந்த அனலே அவர்களைக் கொண்டுபோகும். தொலைபேசி எண், அட்டவணை என்று இதை அலுவலக வேலை ஆக்குகிறோமோ என்று தோன்றுகிறது.

வளாகப்பணி_குரு

தியானம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை தம்பி. 2018 ஆயர் மாமன்றத்துக்குப் பிறகு திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் எழுதிய 'கிறிஸ்து வாழ்கிறார்' ஊக்கவுரை, இளையோர் பணிக்கு இரண்டு வழிகளைச் சொல்கிறது. ஒன்று, தேடிப்போய் அழைத்து இறை அனுபவத்துக்குக் கொண்டுவருவது. மற்றது, அந்த அனுபவம் பெற்றவர்களை வளர்ப்பது. நாம் முதலாவதில் கெட்டிக்காரர்கள், இரண்டாவதில் தடுமாறுகிறோம். வலுவான அனுபவம் கொடுத்துவிட்டு, தொடர்ச்சியாகக் கோட்பாட்டு உரைகளை மட்டும் வைத்தால் இளையோர் சலித்துப்போவார்கள் என்றும் அதே ஆவணம் எச்சரிக்கிறது.

தியானம் முடிந்த திங்கட்கிழமை என்ன செய்வது என்பதைத் தியானத்திலேயே பழக்குங்கள். காலையில் ஒரு நிமிடம் நாளை ஒப்புக்கொடுத்தல். இரவில் பத்து நிமிடம் புனித இஞ்ஞாசியாரின் ஆன்ம ஆய்வு: நன்றி சொல்வது, ஒளி கேட்பது, நாளைத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, நாளைய தினத்துக்குத் தீர்மானம். வாரத்துக்கு ஒரு முறை வரும் ஞாயிறு நற்செய்தியை முன்கூட்டியே வாசிப்பது. இவ்வளவுதான், கூட்டாதீர்கள். தியான வேகத்தில் தினமும் முழுச் செபமாலை, அரைமணி ஆராதனை, ஒரு அதிகாரம் விவிலியம் என்று எழுதிக் கையெழுத்துப் போடும் பிள்ளைகள் மூன்றாவது வாரத்தில் எல்லாவற்றையும் சேர்த்து விட்டுவிடுகிறார்கள். அறையில் நாலு பேர் இருக்கும்போது முழந்தாளிட முடியாது என்பதையும் நினைத்துப் பாருங்கள். படுக்கையிலிருந்து, பேருந்திலிருந்து செய்யக்கூடிய செபத்தைத்தான் முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும்.

அறிவியல்_ஆசிரியர்

கேள்விகளைப் பற்றி யாரும் எழுதவில்லை. முதலாண்டு மாணவர் விடுதி அறையில் சந்திக்கும் கேள்விகளை மறைக்கல்வி வகுப்பில் ஒரு முறையாவது கேட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் "என் மதத்துக்கு இதற்குப் பதிலே இல்லை" என்று நினைத்துக்கொள்வார்.

இறுதியாண்டில் எட்டு முதல் பத்து அமர்வுகளை இதற்கே ஒதுக்குங்கள். பெயர் எழுதாத சீட்டுகளில் கேள்விகளை வாங்கி, ஒத்தவற்றைச் சேர்த்து, அமர்வுக்கு ஒரு கேள்வி. ஒரு மணி நேரத்தில் ஆசிரியர் பேசுவது இருபது நிமிடம், உரையாடல் முப்பது, செபம் பத்து. எப்போதும் வருபவை இவை: துன்பம் ஏன், அறிவியலும் படைப்பும், விவிலியம் வரலாறா, திருச்சபையில் நடந்த முறைகேடுகள், பாலியல் ஒழுக்கம், மற்ற மதத்தவரின் மீட்பு, "கடவுள் எங்கும் இருக்கிறார், கோவிலுக்கு ஏன் போக வேண்டும்".

அறிவியல் கேள்விக்கு எடுத்துக்காட்டு சொல்கிறேன். பேரண்டம் விரிவடைகிறது என்று 1927இல் கட்டுரை எழுதி, 1931இல் ஆதி அணு என்ற கருத்தை முன்வைத்த ஜார்ஜ் லெமைத்தர் ஒரு கத்தோலிக்கக் குரு. மரபியலின் தந்தை மெண்டல் அகுஸ்தீன் சபைத் துறவி. பரிணாமக் கோட்பாடு வெறும் கருதுகோள் அல்ல, அதைவிட மேலானது என்று 1996இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் திருத்தந்தையின் அறிவியல் கழகத்துக்கு எழுதினார். விவிலிய ஆசிரியர்கள் பயன்படுத்திய இலக்கிய வகைகளைக் கவனிக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே சொல்லிவிட்டது. நம் பிள்ளைகளில் பலர் தொடக்கநூல் முதல் அதிகாரத்தை அறிவியல் பாடமாக எடுத்துக்கொண்டு, கல்லூரியில் அது உடைந்ததும் விசுவாசமே உடைந்தது என்று நினைக்கிறார்கள். இது நாம் தவிர்க்கக்கூடிய இழப்பு.

கைநூலாக 2011இல் வந்த, இளையோருக்கான மறைக்கல்வி நூலான யூக்கேட் நன்றாக இருக்கும். 527 கேள்வி பதில். 2005இல் வந்த மறைக்கல்விச் சுருக்கம் 598 கேள்விகள், அது இன்னும் இறுக்கமான நடை. முழு மறைக்கல்வி நூலின் 2865 பத்திகளைப் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டாம், ஆசிரியர் பார்த்துக்கொள்ளட்டும்.

கெட்டுப்போகும் இடம் இரண்டு. கேள்வி முடியும் முன்பே பதில் சொல்லும் ஆசிரியர். தெரியாததைத் தெரிந்ததுபோல் சமாளிக்கும் ஆசிரியர். "எனக்கு உறுதியாகத் தெரியவில்லை, தேடி அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று சொல்லி, அடுத்த வாரம் கட்டாயம் சொல்ல வேண்டும். முறைகேடுகள் பற்றிய கேள்வியில் மழுப்பவே கூடாது. நடந்தது குற்றம், மூடி மறைத்தது குற்றம், பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் நிற்க வேண்டும் என்று நேராகச் சொல்லுங்கள்.

முதுகலை_மாணவி

குழு பற்றி. வளாகத்தில் தாக்குப்பிடிக்கும் குழுவின் அளவு ஐந்து முதல் எட்டுப் பேர். பத்தைத் தாண்டினால் மூன்று பேர் பேசுவார்கள், மற்றவர்கள் செல்பேசி பார்ப்பார்கள். அப்போது இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். வாரம் ஒரு முறை, மாறாத கிழமை, ஒரு மணி நேரம், சரியான நேரத்தில் முடிக்க வேண்டும். வரும் ஞாயிறு நற்செய்தியை இரண்டு முறை நிதானமாக வாசிப்பது, மூன்று நிமிட மௌனம், தன்னைத் தொட்ட ஒரு சொல்லை ஒவ்வொருவரும் சொல்வது, பிறகு உரையாடல், மன்றாட்டு. தனித் தயாரிப்பு வேண்டாம் என்பதால் தேர்வு வாரத்திலும் நடக்கும். ஞாயிறு வாசகங்கள் மத்தேயு, மாற்கு, லூக்கா என மூன்றாண்டுச் சுற்று. மூன்றாண்டுப் பட்டப்படிப்பு முடியும்போது ஒரு முழுச் சுற்றும் முடிந்திருக்கும்.

குழு சாவதற்குப் பெரிய காரணம், ஒரே ஒரு துடிப்பான அண்ணனோ அக்காவோ நடத்துவது. அவர் படிப்பு முடிந்த அன்றைக்குக் குழுவும் முடிந்துவிடும். எப்போதும் இரண்டு பொறுப்பாளர்கள் வேண்டும், அதில் ஒருவர் இளைய வகுப்பு. ஒப்படைப்பு இறுதித் தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பே நடக்க வேண்டும். தேர்வு நெருங்கினால் யாரும் ஏற்க மாட்டார்கள்.

இளையோர்_இயக்கப்_பொறுப்பாளர்

ஒப்புக்கொள்கிறேன் ஃபாதர். அப்படியென்றால் செபக்குழுவோடு சேவையையும் சேருங்கள். உங்கள் திருச்சபை இன்றைக்கு ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்று சக மாணவர்கள் சவால்விட்டபோது, வாதத்தை விட்டுவிட்டு வேலையில் இறங்கியவர் பிரெடெரிக் ஓசானாம். 1833இல் பாரிசில், ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை பிறந்தபோது அவருக்கு வயது 20, கல்லூரி மாணவர். 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட பியர் ஜார்ஜோ பிரசாத்தியும் தூரின் நகரில் பொறியியல் படித்துக்கொண்டே அதே சபையில் ஏழைகளின் வீடுகளுக்குப் போனவர்தான்.

இருவர் இருவராக, மாதம் இரண்டு முறை, அதே வீட்டுக்கு அல்லது அதே இல்லத்துக்கு. ஆண்டுக்கு ஒரு முறை பேருந்து பிடித்துப் போய்ப் படம் எடுத்துவரும் சேவையில் யாருக்கும் உறவு வளராது. விசுவாசத்தில் தயங்கும் நண்பர்களையும் இதற்கு அழைக்கலாம். செபக்குழுவுக்கு வராதவர் இதற்கு வருவார்.

பாடகர்குழு_அண்ணன்

வரவேற்கும் பங்குகளும் கவனிக்க வேண்டும். புதிதாக ஒரு பையன் பாட வந்தால் "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று சொல்லும் பாடகர் குழுக்கள் உண்டு. கல்லூரி திறக்கும் மாதத்தில் மட்டுமாவது பூசை முடிந்து வாசலில் இரண்டு இளையோரை நிறுத்துங்கள். மாணவர்கள் முடிவுப் பாடல் முடிவதற்குள் வெளியேறிவிடுவார்கள், உள்ளே தேடினால் கிடைக்க மாட்டார்கள். பெயர் கேட்டு, அடுத்த வாரம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே போதும். மூன்று வாரத்துக்குள் ஏதாவது ஒரு சிறு பொறுப்பு, காணிக்கைப் பவனியோ விசுவாசிகள் மன்றாட்டோ.

மூன்று_பிள்ளைகளின்_அம்மா

வெளியூர் போகிறவர்களைப் பற்றியே பேசுகிறோம். என் பெரியவன்போல உள்ளூரிலேயே வேலைக்குப் போகிற பிள்ளைகள்? பள்ளி இளையோர் குழுவுக்கு வயது தாண்டிவிட்டது, தம்பதியர் குழுவுக்கு இன்னும் வயது வரவில்லை.

மறைக்கல்வி_ஒருங்கிணைப்பாளர்

நன்றி அம்மா, இது எங்கள் திட்டத்தில் விடுபட்டிருந்தது.

வளாகப்பணி_குரு

இவர்கள்தான் நம் கண்ணில் படாமலே நழுவுகிறவர்கள். பட்டமளிப்புக்கு வாழ்த்துச் சொல்லும் பங்கு, முதல் சம்பளம் வாங்கிய பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்வதில்லை. 18 முதல் 25 வயதுக்கு ஒரு தனிக் குழு வேண்டும், பள்ளிப் பிள்ளைகளோடு சேர்க்கக் கூடாது. மாறி மாறி வேலை நேரம் வருபவர்களுக்கு ஒரே கிழமை ஒத்துவராது. ஒரே கூட்டத்தை வார நாள் இரவு ஒன்றிலும் சனி பிற்பகலிலும் இரு முறை நடத்தினால், ஒன்றுக்காவது வருவார்கள். பேசுபொருளும் அவர்களுடையதாக இருக்கட்டும்: வேலையிடத்தில் நேர்மை, கடன், குடும்பத்துக்குப் பணம் அனுப்புவது, திருமணத் தேர்வு.

மறைக்கல்வி_ஒருங்கிணைப்பாளர்

இன்னும் இரண்டு கேள்வி. போன பிறகு தொடர்பு யார் வைத்துக்கொள்வது? வாட்ஸ்அப் குழு தொடங்கினால் போதுமா? அடுத்து, வளாகங்களில் மற்றக் கிறிஸ்தவச் சபைக் குழுக்கள் முதல் வாரத்திலேயே அன்பாக அழைக்கிறார்களே, அதற்கு என்ன சொல்லி அனுப்புவது?

துறவுசபைச்_சகோதரி

முதல் கேள்விக்கு: பெரிய வாட்ஸ்அப் குழு, பகிர்ந்த படங்களும் காலை வணக்கமும் நிறைந்து ஒரு மாதத்தில் ஓசை அடைக்கப்படும். அறிவிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உறவுக்கு, ஒரு பெரியவருக்கு மூன்று அல்லது நான்கு பிள்ளைகள் என்று பிரியுங்கள். உறுதிபூசுதலின் ஞானப்பெற்றோர் ஏற்கெனவே இருக்கிறார்கள். உறுதிபூசுதல் பெற்றவர் கிறிஸ்துவின் உண்மைச் சாட்சியாக நடக்கப் பார்த்துக்கொள்வது அவர்கள் கடமை என்று சட்ட எண் 892 சொல்கிறது, நாம்தான் படம் எடுத்ததோடு அனுப்பிவிடுகிறோம். முதலில் அவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

செய்தி அனுப்பும் காலம்: போன முதல் வாரம், ஆறாவது வாரம் (வீட்டு நினைவு வாட்டும், புதுமையும் தீர்ந்திருக்கும்), தேர்வுக்கு முன், விடுமுறைக்கு ஊர் வருவதற்கு ஒரு வாரம் முன். தனிச் செய்தி, இரண்டு வரி, பெயர் சொல்லி. பதில் வராவிட்டாலும் அடுத்த முறை அனுப்ப வேண்டும், "ஏன் பதிலே இல்லை" என்று கேட்கக் கூடாது. விடுமுறைக்கு வந்ததும் "இந்த வாரம் நீ பாடு" என்று வேலை வாங்காமல், பங்குத்தந்தையோடு ஒரு மாலை உட்கார்ந்து பேச வையுங்கள்.

18 வயது நிறையாதவர் என்றால் பெற்றோருக்குத் தெரிந்தே தொடர்பு, இரவு நேரத் தனி உரையாடல் கிடையாது, குழுவில் குறைந்தது இரண்டு பெரியவர்கள். உங்கள் மறைமாவட்டத்தின் பாதுகாப்பு விதிகளில் இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுவே செல்லும்.

சட்டத்தொகுப்பு_மாணவர்

இரண்டாவது கேள்விக்கு. மற்றச் சபை நண்பர்களோடு விவிலியம் வாசிப்பதையும் செபிப்பதையும் தடை செய்யத் தேவையில்லை. ஆனால் மூன்று விஷயம் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஆராதனை ஞாயிறு திருப்பலிக்கு ஈடாகாது. அங்கே கொடுக்கும் இராப்போசனத்தில் பங்கேற்க நம் ஒழுங்கு இடம் தரவில்லை. மறுபடி திருமுழுக்கு என்று யாராவது சொன்னால், ஒரு முறை செல்லுபடியாகப் பெற்ற திருமுழுக்கைத் திரும்பப் பெற முடியாது. குடும்பத்தோடு பேசாதே, உன் சம்பளத்தைக் கொடு, வெளியேறினால் சாபம் என்று சொல்லும் எந்தக் குழுவிலிருந்தும், கத்தோலிக்கப் பெயர் போட்டிருந்தாலும், உடனே விலகி ஆன்ம குருவிடம் சொல்லச் சொல்லுங்கள்.

அவர்கள் முதல் நாளே கதவைத் தட்டினார்கள், நாம் தட்டவில்லை. பல பிள்ளைகள் போவதற்குக் கோட்பாடு காரணமில்லை, தனிமைதான் காரணம்.

மறைக்கல்வி_ஒருங்கிணைப்பாளர்

எல்லாருக்கும் நன்றி. ஒப்படைப்புக்கான படிவம் ஒன்று தயாரிக்கிறோம். என்னென்ன கேட்க வேண்டும்?

வளாகப்பணி_குரு

ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பெயர், தங்கும் முகவரி, சேரும் தேதி, பேசும் மொழிகள், செய்த பணிகள், விரும்பும் பணி, வழிபாட்டு முறை, உடன் அதே ஊருக்குப் போகும் இன்னொருவர். சம்மதத்துக்கு இரண்டு தனிக் கட்டங்கள்: "என் எண்ணை அங்குள்ள குருவிடம் கொடுக்கலாம்", "அங்குள்ள மாணவர் குழுவிடம் கொடுக்கலாம்". குருவுக்குச் சரி, குழுவுக்கு வேண்டாம் என்று நினைக்கும் பிள்ளைகள் உண்டு, அதை மதிக்க வேண்டும். ஒழுங்காக வருவாரா, வீட்டில் பிரச்சினையா என்பது போன்ற மதிப்பீடு எதையும் எழுதாதீர்கள். படிவத்தைப் பிள்ளையே நிரப்பட்டும், பெற்றோர் அல்ல. 18க்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்தும் சேர்த்து. பள்ளி இறுதித் தேர்வு முடிந்த முதல் வாரம் கொடுத்து, இடம் உறுதியானதும் முகவரியை நிரப்பித் திரும்ப வாங்குங்கள். அந்த முகவரியை யார் துரத்திக் கேட்பது என்று பேரவையில் ஒருவர் பெயரை இப்போதே எழுதிவைத்துவிடுங்கள்.